சௌந்தரநாயகி முகம் திருப்பிய கதை

ஏழுகட்டு வீட்டுப் பெரியம்மா சௌந்தரநாயகி காசிக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து செத்துப்போய், கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடு படமாகத் தொங்க ஆரம்பித்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அந்தப் படம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சட்டம் அசையவில்லை, கண்ணாடி உடையவில்லை, கண்ணாடிமேல் வைத்த குங்குமம்கூடச் சிந்தவில்லை. உள்ளே இருந்த அம்மாள் மட்டும் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். கொண்டை தெரிந்தது, கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம் தெரிந்தது, அதற்குக் கீழே அரக்கு ரவிக்கையின் முதுகு தெரிந்தது. அந்த நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கியும் துணி மடித்தும் கொண்டிருந்த அத்தனை லட்சம் பேரில் ஒருவரும் மயக்கம் போட்டு விழவில்லை. "அம்மாவுக்குக் கோபம்போல" என்றார்கள், நறுக்கிய காயைக் குழம்பில் போட எழுந்து போனார்கள்.

கோபம்தான். அந்தக் கோபத்துக்குச் சொந்தக்காரி பெயர் செண்பகவல்லி.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண் அவள். அந்த ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு ஆபீசில் போட்ட நாடகத்தில், கிழவி வேஷம் கட்ட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட, பத்தொன்பது வயதில் கிழவியாக மேடையேறி, முன்வரிசையில் இருந்த முதலாளி அம்மாவையே அழவைத்துவிட்டாள். நாலு பேர் நல்லா இருந்தது என்று சொன்னதை நம்பி சென்னைக்கு ரயிலேறியவள், கோயில் கூட்டத்தில் கும்பிடுகிறவளாக, இழவு வீட்டில் மாரடிக்கிறவளாக, கல்யாண வீட்டில் அட்சதை போடுகிறவளாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் தட்டேந்திப் போகும் நர்ஸாகப் பல வருஷம் சினிமாவின் ஓரத்திலேயே நடந்து திரிந்தாள். பிறகு தொலைக்காட்சி வந்தது. சர்க்கரை கடன் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி ஆனாள், வேலைக்காரி ஆனாள், சித்தி ஆனாள், கடைசியில் பதினோரு வருஷம் 'ஏழுகட்டு வீடு' தொடரில் பெரியம்மா சௌந்தரநாயகியாகத் தமிழ்நாட்டின் கூடங்களில் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து மருமகள்களுக்கு அறிவுரை சொன்னாள். கல்யாணம் செய்துகொள்ள முதலில் நேரம் இல்லை. நேரம் கிடைத்தபோது வந்த ஆள் சரியில்லை. நடிப்பு ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை, அதை அவள் உயிராகத்தான் வைத்திருந்தாள்.

இப்படி இருந்தவளை விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரிப்பன் வெட்டினாள், குத்துவிளக்கு ஏற்றினாள், வரிசையில் வந்தவர்களோடெல்லாம் செல்பி எடுத்துக்கொண்டாள். வரிசையில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். படம் எடுத்து முடித்தும் கையை விடவில்லை.

"தொடர்ல அந்த யமுனாவுக்கு நீங்க சொன்னீங்க இல்லம்மா, கட்டுனவன் கை நீட்டத்தான் செய்வான், பொறுத்துக்கிட்டு உள்ள போன்னு. எங்க அம்மா வீட்டுல உக்காந்து அதப் பாத்தேம்மா. பாத்துட்டுத்தான் நானும் திரும்பிப் போய்ட்டேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு."

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"இந்தப் பக்கம் கேக்காதும்மா" என்று அந்தப் பெண் இடது காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். "அடியில போயிடுச்சு. அந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

செண்பகவல்லி அந்தப் பக்கமாகப் போகாமல், கையை விடுவித்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். கடைக்காரர் கொடுத்த பட்டுப்புடவையைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் படப்பிடிப்பில், மறுபடியும் அடி வாங்கிக் குழந்தையோடு வாசலில் நிற்கும் யமுனாவுக்குப் பெரியம்மா சொல்ல வேண்டியது என்று அதே வசனத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"சார், இத நான் பேசல" என்றாள் டைரக்டர் பரணிதரனிடம்.

"ஏம்மா, நாக்குல புண்ணா?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. அதான் பேசல."

"பதினோரு வருஷமா இதத்தானம்மா பேசிட்டு இருக்கீங்க?"

"அதுதான் போதும்ங்கிறேன்."

பரணிதரன் கெட்டவர் இல்லை. வாரத்துக்கு ஆறு எபிசோடு கொடுக்க வேண்டிய மனிதருக்கு நல்லவராகவோ கெட்டவராகவோ இருக்க நேரம் ஏது? அவர் கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. கதை எழுதுகிறவருக்குப் போன் போட்டு, "பெரியம்மாவக் காசிக்கு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். காசிக்குப் போனவர்கள் திரும்பி வரத் தேவையில்லை, சாவைப் படம் பிடிக்கக்கூடத் தேவையில்லை, வீட்டில் ஒரு போன் மணி அடித்தால் போதும். அது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி.

சாவுச் செய்தி ஒளிபரப்பான அன்று மாலை, வளசரவாக்கத்தில் அவள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் இரங்கல் கூட்டம் நடந்தது. செண்பகவல்லியும் போயிருந்தாள், போகாவிட்டால் நன்றாக இருக்காது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளரான ஓய்வுபெற்ற தபால்காரர் மறைந்த அம்மையாரின் பெருமைகளைக் கண் கலங்கப் பேசினார். எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியபோது அவளும் எழுந்து நின்றாள். சுண்டல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து பால்காரர் பாக்கெட் போடவில்லை. கேட்டதற்கு, "இல்லீங்கம்மா, நீங்கதான்..." என்று இழுத்துத் தலையைச் சொறிந்தார். காய்கறிக்காரம்மா அவளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி, விம்மலுக்கு நடுவே ஒரு கட்டு கீரையை இனாமாகக் கையில் திணித்தாள். யாருக்கும் அவள் பேய் என்று பயம் இல்லை. செத்தவள், பாவம், நடமாடிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். படத்தை வைத்துத் தொடர்க்காரர்கள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்தவர்களின் படம் தொடர்களில் பேசுவது புதிய விஷயம் இல்லை. யாராவது படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பி அழுதால், எதிரொலியோடு ஒரு குரல் சுவரிலிருந்து இறங்கி வரும். அந்த வியாழக்கிழமை யமுனா குழந்தையோடு வந்து படத்துக்கு முன்னால் நின்று, "பெரியம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். செண்பகவல்லியின் குரலை அப்படியே வார்த்தெடுத்த வேறொரு பெண்ணின் குரல், எதிரொலி போட்டு, "கட்டுனவன் கை நீட்டத்தான் செய்வான், பொறுத்துக்கிட்டு உள்ள போ, யமுனா" என்றது. உயிரோடு இருந்தவள் மாட்டேன் என்று சொன்னதைச் செத்தவள் வாயில் போட்டுவிட்டார்கள். செண்பகவல்லி வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடப் பாவிகளா" என்று அவள் எழுந்ததும், திரையில் படம் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஒன்றாக நடந்தன.

செட்டில் முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். பரணிதரன் ஆர்ட் டிபார்ட்மெண்ட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் திட்டினார். புதுப் பிரிண்ட் போட்டார்கள், சிரிக்கிற படம் ஒன்று, சாமி கும்பிடுகிற படம் ஒன்று. மாட்டும்போது ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், அந்த வசனம் ஓடியதும் திரும்பிக்கொண்டாள். ஒரு கெட்டிக்கார உதவி டைரக்டர், முகம் அந்தப் பக்கம் இருந்தால் நாம் அந்தப் பக்கம் போவோம் என்று, பிளைவுட் சுவரில் ஓட்டை போட்டு, பின்னால் கேமராவை வைத்துப் பார்த்தான். பின்னால் சட்டத்தின் பழுப்பு அட்டையும் ஆணியும் மட்டும் இருந்தன. முகம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதில் பெயர் வாங்கியவள் ரோஸ்மேரி. பதினோரு வருஷமும் செண்பகவல்லிக்கு முடி அலங்காரம் செய்தவள் அவள், அந்தக் கொண்டை அவள் கைவேலை. "இத்தினி வருஷமா எவன்க்கா என் வேலையப் பாத்தான்? மூஞ்சியத்தான பாத்தானுங்க. இப்பப் பாரு, தமிழ்நாடே உன் பின்மண்டையப் பாக்குது" என்று வீடு தேடி வந்து கட்டிக்கொண்டாள். அழகு நிலையங்களில் சௌந்தரநாயகிக் கொண்டை என்று போர்டு வைத்தார்கள். ஜனங்கள் தொலைக்காட்சி நிலைய வாசலில் சந்தன மாலைக்குப் பதிலாக மல்லிகைச் சரமாக வாங்கி வந்து குவித்தார்கள், கொண்டைக்குத்தானே வேண்டும். செய்தி அலைவரிசைகளில் நாலு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். படம் தெற்குச் சுவரில் மாட்டியிருப்பதால் வந்த தோஷம் என்றார் வாஸ்துக்காரர். கண்ணாடியில் ஈரம் என்றார் விஞ்ஞானம் பேசியவர். ஏன் திரும்பினாள் என்று மட்டும் நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் நாலு பேரும் ஆம்பிளைகள்.

அதோடு நின்றிருந்தால் ஊர் மறந்திருக்கும். அடுத்த மாதம் திருவொற்றியூரில் ஒரு எஞ்சினியர், சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், "எங்கம்மா இருந்தவரைக்கும் எங்கப்பாவ எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல, தெரியுமா?" என்று பெண்டாட்டியிடம் கத்தினார். பிரிட்ஜுக்கு மேலே மாலையோடு இருந்த அவருடைய அம்மா மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் சேலத்தில் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில். அதற்கு அடுத்த நாள் மதுரையில் மூன்று வீடுகளில். "எங்க அம்மா எவ்வளவு பொறுமை", "எங்க அம்மா அடி வாங்கியும் குடும்பம் நடத்தல?", "எங்க அம்மா இருந்தா உன்ன" என்று எங்கெல்லாம் செத்த பெண்களைச் சாட்சிக்கு இழுத்தார்களோ, அங்கெல்லாம் சாட்சிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடும்பப் படங்களில் அப்பா மீசையோடு நேரே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அம்மா மட்டும் கொண்டை காட்டினார். வெளிநாட்டில் இருந்த மகன்கள் கைபேசியில் வைத்திருந்த படங்களும் தப்பவில்லை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை? கணவன்மார்கள் சண்டை போடப் பால்கனிக்குப் போனார்கள். பால்கனியில் கத்தினால் எதிர் வீட்டுக்குக் கேட்கும் என்று அங்கே மெதுவாகப் பேசவேண்டி வந்தது, மெதுவாகப் பேசியதில் பாதிச் சண்டை நின்றுபோனது. சிலர் அம்மா படத்தைக் கழற்றி பீரோவில் வைத்தார்கள், பீரோவைத் திறந்தால் முதுகு. சட்டம் போடும் கடைகளில் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த சட்டம் வந்தது, அது இரண்டு பக்கமும் கொண்டையைத்தான் காட்டியது. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் இப்போது சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் தொடுவதற்கு முன் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள். செத்துப்போன மாமியார் சிரித்துக்கொண்டு நேரே பார்த்தால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதுகு தெரிந்தால், "நல்ல நேரம் முடியப் போகுது" என்று தாம்பூலத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தரகர்கள் ஜாதகத்தோடு, மாப்பிள்ளை வீட்டுச் சுவரையும் படம் எடுத்து வந்து காட்டினார்கள்.

செண்பகவல்லிக்கு இதில் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெருமை வேலை கொடுக்கவில்லை. எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிடவில்லை. "உங்களப் போட்டா எங்க செட்டுல இருக்கிற படமெல்லாம் திரும்பிக்கும்மா" என்றார்கள். காலையில் எழுந்தால் போவதற்கு இடமில்லை. முகத்தில் அடிக்கும் விளக்கின் சூடு இல்லை, பதினோரு மணி டீ இல்லை, "ரெடி" என்று யாரோ சொன்னதும் செட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடி இல்லை. ரோஸ்மேரி வந்தால் அவளிடம் அழுதாள்.

"எனக்கு நடிக்கணும் ரோசு. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு ஓரத்துல நின்னு போறவளாக் கூட நடிக்கணும்."

"அந்தப் படத்தைத் திரும்பச் சொல்லேன்க்கா."

"நானா திருப்புனேன்? அதுவாத் திரும்பிச்சு. ஆனா நான் அங்க தொங்கியிருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

ஒருநாள் பரணிதரன் பழத்தட்டோடு வந்து விஷயத்தைச் சொன்னார். ஏழுகட்டு வீட்டை முதலில் ஊரே திரும்பிப் பார்த்தது உண்மைதான், ஆனால் இப்போது விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனி, முகத்துக்குப் போடும் சோப்பை முதுகுக்குப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்கிறது. ஜனங்களில் பாதிப் பேர் இதெல்லாம் கிராபிக்ஸ் என்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெட்டாமல் ஒட்டாமல், நேரடி ஒளிபரப்பாக ஒரு எபிசோடு. மலேசியாவிலிருந்து சௌந்தரநாயகியின் இரட்டைப் பிறவித் தங்கை வருகிறாள்.

"நீங்கதாம்மா அந்தத் தங்கச்சி. அப்புறம் தொடர் இருக்கிறவரைக்கும் நீங்க இருக்கீங்க. பேர் கூட நீங்களே வச்சுக்கலாம்."

"நான் என்ன பண்ணனும்?"

பரணிதரன் ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்தார். "அக்கா படத்துக்கு முன்னாடி நிக்கணும். யமுனா கேப்பா. நீங்க அந்த ஒரு வசனத்தைச் சொல்லணும். உங்க வாயால, உங்க குரல்ல சொன்னா படமே சமாதானம் ஆகித் திரும்பிடும்னு கதை எழுதுறவர் சொல்றார். ஒரே ஒரு வசனம்மா."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா உங்களுக்கு இந்த ஊர்ல யார்மா வேஷம் குடுப்பா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை, உண்மை. அதனால்தான் அது அவளை அப்படிக் குத்தியது. ஒரே ஒரு வசனம். சொல்லிவிட்டால் விளக்கு, டீ, மூச்சைப் பிடித்துக்கொள்ளும் செட், எல்லாம் திரும்ப வந்துவிடும். சொல்லாவிட்டால் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு செத்தவளாக இந்த மாடிப்படியில் ஏறி இறங்கிக் காலம் போக வேண்டும். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவள் வருகிறேன் என்றாள். சொல்லப்போகிறோமா மாட்டோமா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை செட்டில் நிற்க இடமில்லை. மேக்கப் அறையில் ரோஸ்மேரி சீப்போடு, "இன்னிக்கு என்ன கொண்டக்கா?" என்று கேட்டாள். "கொண்டை வேண்டாம், பின்னி விடு" என்றாள் செண்பகவல்லி. மலேசியாவுக்குப் போனவள் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கூடத்துக்குள் நுழைந்து படத்துக்கு முன்னால் போய் நின்றதும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் பின்பக்கத்தை அவள் அதுவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கழுத்தடியில் நரைத்த குட்டி முடிகள் சாயத்தில் சிக்காமல் நின்றன. ரவிக்கைக்கு மேலே தோள்கள் இறுகி, யாரோ பின்னாலிருந்து அடிக்கப் போகிறார்கள் என்று காத்திருப்பதுபோல இருந்தன. அவளுக்கு அந்தப் பெண்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

"ரெடி" என்றார்கள். செட் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு நொடிக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்!

யமுனாவாக நடித்தவள் ஹர்ஷிதா, பெங்களூர்ப் பெண். வந்த புதிதில் அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி டைரக்டர் வசனத்தைப் படிக்கப் படிக்கத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே, அழுவதற்கான தமிழை முழுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். வாசல் கதவுக்கு உள்பக்கம் நின்று, இடுப்பில் குழந்தையோடு, "பெரியம்மா போயிட்டாங்க. சின்னம்மா, நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். கண்ணில் தண்ணீர் நிஜமாகவே நின்றது.

உதவி டைரக்டர் எடுத்துக் கொடுத்தான். "கட்டுனவன் கை நீட்டத்தான் செய்வான்..."

செண்பகவல்லி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டுனவன்..." என்றான் மறுபடி, இன்னும் கொஞ்சம் சத்தமாக. நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பரணிதரன் கைகளைப் பிசைந்தார். ஊர் முழுக்கக் கூடங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசனைக்கு நடுவே ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்குகளுக்குக் கீழே இனி ஒருநாளும் நிற்கப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஹர்ஷிதாவைப் பார்த்து, பதினோரு வருஷமாகப் பேசிய பெரியம்மாத் தமிழை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் தமிழில் பேசினாள்.

"ஏ தாயி, இங்க பாரு. இத்தன வருசமா நாஞ் சொன்னதெல்லாம் பொய்யி. எழுதிக் குடுத்தாங்க, சொன்னேன். வாய் கூசாமச் சொன்னேன். அடிக்கிறவன் வீட்டுல நீ எதுக்கு நிக்கணும்? பிள்ளையத் தூக்கிட்ட இல்ல, வெளிய வா. இந்தக் கதவப் பாத்தா தேக்கு மாதிரிதான் தெரியும். அட்டை. பெயிண்ட் அடிச்ச அட்டை. தள்ளு."

ஹர்ஷிதா எடுத்துக் கொடுப்பவனைப் பார்த்தாள். அவன் தாளில் இது இல்லை. படத்தைப் பார்த்தாள். செண்பகவல்லியைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தோளால் ஒரு இடி இடித்தாள். கதவு மட்டும் இல்லை, நிலை, நிலைக்கு மேலே செதுக்கியிருந்த கஜலட்சுமி, பக்கத்துச் சுவர், எல்லாம் சேர்ந்து படீர் என்று வெளியே சாய்ந்தது. ஏழு கட்டும் அவ்வளவுதான். பின்னால் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளும், பெயிண்ட் டப்பாக்களும், வெட்டவெளி வெயிலும் தெரிந்தன. ஹர்ஷிதா சாய்ந்த கதவின்மேல் ஏறி நடந்து வெயிலுக்குள் போனாள். கேமராமேனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"கட்! கட்!" என்று பரணிதரன் கத்தினார். நேரடி ஒளிபரப்பில் அதுவும் சேர்ந்து போனது. "எல்லாம் முடிஞ்சுது! உங்கள நான் முடிச்சுடுவேம்மா!"

"நான் செத்து எவ்வளவு நாளாச்சு பரணி" என்றாள் செண்பகவல்லி. "இன்னும் என்ன இருக்கு முடிக்க?"

சாய்ந்த கதவின்மேல் அவளும் ஏறி வெளியே போனாள். அந்தக் களேபரத்தில் சுவரில் இருந்த படம் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

நடிக்க வந்த குழந்தையை அதைப் பெற்றவளிடம் கொடுத்துவிட்டு ஹர்ஷிதா, "மேடம், நான் ஊருக்குப் போறேன்" என்றாள். அவளை ஏற்றிவிட ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அங்கே தீபாவளிக்கு முதல் நாள் போலக் கூட்டம். எல்லாம் பெண்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பை. சிலர் அடுப்பை அணைத்த கையோடு வந்திருந்தார்கள், விரலில் மஞ்சள்தூள் போகவில்லை. யாரும் அழவில்லை. எந்த பஸ் எந்த ஊருக்கு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு மைக் எப்போதோ மக்கர் செய்து நின்றுவிட்டது, நிலைய அதிகாரி விசிலை ஊதி ஊதிச் சோர்ந்துபோய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி ஒரு சிமெண்ட் பெஞ்சின்மேல் ஏறினாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"திருச்சி, மதுரை போறவங்கெல்லாம் இந்தப் பக்கம் வாங்கம்மா! சேலம் மூணாவது வரிசை! விழுப்புரம் இப்பக் கிளம்புது, ஓடு தாயி, ஓடு!"

அந்தக் குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் நின்று பார்க்கவில்லை, சொன்ன பக்கம் ஓடினார்கள். அவள் தொண்டை கிழியக் கூவினாள், வண்டி வண்டியாக ஏற்றிவிட்டாள். நடித்து நடித்து அதுவரை அவள் அடையாத ஒரு சந்தோஷம் அவளுக்கு அந்த பெஞ்சின்மேல் கிடைத்தது.

தஞ்சாவூர் பஸ் நகரப் போகும்போது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பிள்ளை இல்லை, பையும் இல்லை. மாலை போட்ட ஒரு பெரிய படத்தை மட்டும் மார்போடு அணைத்திருந்தாள். செண்பகவல்லி கைகொடுத்து ஏற்றிவிட்டாள்.

"உங்க அம்மாவா?"

"மாமியார்" என்றாள் அவள். "அவங்கள மட்டும் அங்க விட்டுட்டு வர மனசு வரலம்மா."

அவள் உள்ளே போய் ஜன்னலோரத்து இருக்கையில் முதலில் படத்தை உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்தாள். படத்தில், இரண்டு மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஒருமுறை பார்த்தார், இரண்டு பேருக்கும் டிக்கெட் கிழித்தார்.